ஃபோர்டுன்னா கார் இல்லீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். சுகர், பிரஷர், டயட் எதுவும் இதுல இல்லை. கம்ப்யூட்டர் சமாச்சாரம். ஆனா சுத்திச் சுத்திக் கடைசியில கேஷுவாலிட்டி வாசல்ல வந்துதான் நிக்கும். அதனால இங்கயே எழுதிடறேன். டீ குடிச்சிட்டே வாசிங்க.

கொடைக்கானல்னா உங்களுக்கு ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட். இந்த மலையில அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்களுக்குப் பழனி மலைன்றது வேற கணக்கு. மேல்மலைன்னா பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை. கீழ்மலைன்னா பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர். ஒவ்வொண்ணையும் சுத்தி குக்கிராமங்கள், எஸ்டேட் வீடுகள், பளியர் குடியிருப்புகள். வெள்ளகவி மாதிரி தலைமுறை தலைமுறையா வண்டிப் பாதையே இல்லாம, நடந்தே ஏறி இறங்கின ஊரும் இதுல உண்டு.

பாதி இடத்துல சிக்னல் கிடையாது. "எங்க இருக்கீங்க?"ன்னு போன்ல கேட்டா, பதில் வர்றதுக்குள்ள கட் ஆயிரும். வழக்கமான மேப்பைத் திறந்தா அந்த ஊரே இருக்காது. இல்லைன்னா ஆடு போற வழியை ரோடுன்னு காட்டும்.

அப்படித்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் போனேன். 2004-ல இங்கிலாந்துல ஸ்டீவ் கோஸ்ட்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. விக்கிப்பீடியா மாதிரி, ஆனா வரைபடத்துக்கு. யார் வேணும்னாலும் ஒரு கணக்கு தொடங்கி ரோடு வரையலாம், ஓடை வரையலாம், ஊருக்குத் தமிழ்லயே பேர் போடலாம். இந்த வரைபடத்தை ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி செயலிகள்ல இறக்கி வெச்சுக்கிட்டா சிக்னலே இல்லாம வழி காட்டும். இந்த ரெண்டு செயலியோட கோடும் திறமூலம். அதாவது சமையல் குறிப்பை மூடி வைக்காம சுவத்துல ஒட்டியிருக்காங்க. யாரும் படிக்கலாம், உப்பு கம்மின்னு திருத்தியும் அனுப்பலாம்.

நைட் டியூட்டியில கேஸ் இல்லாத நேரம் சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஒவ்வொரு பாதையா இழுத்தேன். போதைன்னே சொல்லலாம். நாலு வருஷம் ஆச்சு.

இப்ப ஃபோர்டு கதை.

இந்த மாதிரி செயலிகள்ல ஒண்ணு, பேர் வேண்டாம். அதுல தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்தா, ரோட்டை ஓடை குறுக்கே வெட்டுற இடத்துல "ஃபோர்டு"ன்னு காட்டும். ஆங்கிலத்துல அதுக்கு அர்த்தம், தண்ணியில இறங்கிக் கடக்குற இடம். மொழிபெயர்த்தவர் (அவரும் என்னை மாதிரி சும்மா வந்து உதவினவர்தான், குறை சொல்லலை) கார் கம்பெனி பேர்னு நினைச்சு அப்படியே எழுத்துப் பெயர்த்துட்டார். மலை ரோட்டுல வர்ற டிரைவருக்கு நடுக்காட்டுல "ஃபோர்டு"ன்னு தெரிஞ்சா என்ன நினைப்பார்? ஷோரூம்னா?

"ஓடை கடக்கும் இடம்"னு திருத்தி அனுப்பினேன். ஒரே ஒரு வரி. அதை அனுப்பக் கத்துக்கவே எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. எம்பிபிஎஸ்ல யாரும் கிட் சொல்லித் தர்றதில்லை.

ஒரு வாரம், பதில் இல்லை. ஒரு மாசம், இல்லை. பணிவா "யாராவது பார்க்க முடியுமா?"ன்னு கேட்டேன். அதுக்கும் இல்லை. ஏழு மாசம் கழிச்சு மெயில் வந்துச்சு. ஆசையாத் திறந்தேன். ஒரு பாட் எழுதியிருக்கு: ரொம்ப நாளா இதுல எந்த அசைவும் இல்லாததால இதை மூடறோம், உங்க பங்களிப்புக்கு நன்றி.

அசைய வேண்டியது நானா? காலையில எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி பெஞ்சுல உக்காந்திருந்த ஆளை, மத்தியானம் ஒரு மணிக்கு "நீங்க அசையவே இல்லை, அதனால சீட்டைக் கிழிச்சுட்டோம், வந்ததுக்கு நன்றி"ன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு.

அதே சமயத்துல இன்னொரு சின்ன திறமூல திட்டத்துக்கும் ஒரு எழுத்துப்பிழை திருத்தம் அனுப்பியிருந்தேன். அன்னிக்குச் சாயந்திரமே ஒரு மனுஷர் பதில் போட்டார். "ரொம்ப நன்றி. ஒரு இடத்துல ஸ்பேஸ் விட்டுப்போச்சு, நானே போட்டுச் சேர்த்துட்டேன். தமிழ்ல இன்னும் முப்பது வரி பாக்கி இருக்கு, முடிஞ்சா பாருங்க." அந்த முப்பதையும் முடிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்கேன். ஃபோர்டு செயலிப் பக்கம் அதுக்கப்புறம் தலைவெச்சுப் படுக்கலை.

என் ஒருத்தனோட ரோஷம்னு நினைக்காதீங்க. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் பின்னாடி இருக்கிற மொசில்லா, பல வருஷம் முன்னாடி தன்னோட பதிவேடுகளையே அலசிப் பார்த்துச்சு. முதல் தடவை கோடு அனுப்பினவருக்கு 48 மணி நேரத்துக்குள்ள மறுமொழி கிடைச்சா, அவர் மறுபடி வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். 7 நாள் தாண்டினா அநேகமா பூஜ்யம். (டாக்டர் புத்தி: இது தொடர்பு மட்டும்தான், காரணம்னு நிரூபணம் ஆகலை. நல்ல திருத்தத்துக்குச் சீக்கிரம் பதில் வந்திருக்கலாம். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்க.)

ஆங்கில விக்கிப்பீடியாவுலயும் இதே நோய்தான். அங்க தொடர்ந்து எழுதுறவங்க எண்ணிக்கை 2007-ல உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. 2013-ல வந்த ஒரு ஆய்வு சொன்ன முக்கியமான காரணம், நல்ல மனசோட வந்த புதுசுங்களோட திருத்தத்தையும் தானியங்கிக் கருவிகள் வெச்சுச் சட்டுசட்டுன்னு அழிச்சதுதான். குப்பையைப் பெருக்கத்தான் கருவி கொண்டு வந்தாங்க. அது வாசல்ல நின்ன விருந்தாளியையும் சேர்த்துப் பெருக்கிடுச்சு.

நம்ம தமிழ் விக்கிப்பீடியாவுல பொதுவாப் பேசுற பக்கத்துக்கு "ஆலமரத்தடி"ன்னு பேர். உதவி கேக்குற பக்கம் "ஒத்தாசைப் பக்கம்". யார் வெச்ச பேரோ, கை எடுத்துக் கும்பிடலாம். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப அங்க ஒரு கட்டுரை எழுதினேன், சந்திப்பிழை மயம். ஒருத்தர் எல்லாத்தையும் திருத்திட்டு, ஏன் திருத்தினார்னும் என் பேச்சுப் பக்கத்துல எழுதியிருந்தார். ஒற்று எங்க மிகும், எங்க மிகாதுன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. பள்ளிக்கூடத்துல பன்னிரண்டு வருஷம் புரியலை.

இது வரைக்கும் நான் பாதிக்கப்பட்டவன். இனிமே வர்றது அப்படி இல்லை.

(நோயாளி அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

மேப் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பிச்சேன். கிராம சுகாதார செவிலியர்கள், ஜீப் டிரைவர்கள், 108-ல வேலை பாக்குறவங்க, ரெண்டு மூணு எஸ்டேட் ஆளுங்க. பாதை தப்பா இருந்தா சொல்லுங்க, நான் திருத்தறேன்னு ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, சொந்த ஆர்வம்.

அதுல கீழ்மலையில ஜீப் ஓட்டுற ஒரு அண்ணன். டைப் பண்ண மாட்டார், வாய்ஸ் நோட்தான். ஆனா அவர் சொல்ற மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க. "சார், நீங்க போட்டிருக்கிற வழியில மூணாவது கொண்டை ஊசி தாண்டி ஒரு பலா மரம் நிக்கும். அங்க பாதை பிரியுது. வலது பக்கம் போனா காபித் தோட்டம், கேட்டு பூட்டிக் கிடக்கும். இடதுலதான் ஊரு." பூட்டின கேட்டு சாட்டிலைட் படத்துல தெரியாது. அந்த மேப்போட உண்மையான ஆசிரியர் அவர்தான். நான் எழுத்தர்.

ஐப்பசி மழை. காய்ச்சல் ஓபி பிதுங்குது. கூட இருந்த டாக்டர் லீவு. வீட்டுக்கு வந்தா ஷூவைக் கழட்டாம அப்படியே தூங்கின நாள் உண்டு. குரூப்புல நூத்துக்கணக்குல மெசேஜ் சேர்ந்துபோச்சு, பாதி குட் மார்னிங் ரோஜாப்பூ. அப்புறம் பாத்துக்கலாம்னு மியூட்ல போட்டேன்.

அந்தக் குவியலுக்குள்ள அண்ணனோட வாய்ஸ் நோட் ஒண்ணு இருந்துச்சு. ஒரு ஊருக்குப் போற தரைப்பாலம் ராத்திரித் தண்ணியில போயிருச்சு, வண்டி போவாது, மேல எஸ்டேட் வழியாச் சுத்தித்தான் வரணும், மேப்புல மாத்திருங்க. நாலு நாள் கழிச்சு போட்டோவோட மறுபடி ஒண்ணு. அப்புறம் அவர்கிட்ட இருந்து எதுவும் இல்லை. குரூப்பே அமைதியாயிடுச்சு. புகார் இல்லைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைச்சேன்.

மூணு வாரம் கழிச்சு அந்த ஊர்ல ஒருத்தரைக் காட்டுமாடு குத்திடுச்சு. தொடையில. வேட்டியைக் கிழிச்சுக் கட்டிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல ஏறி நின்னு ஒரு வண்டிக்குப் போன் பண்ணியிருக்காங்க. "சீக்கிரம் வா"ன்னு சொன்னது மட்டும் கேட்டிருக்கு, லைன் கட். வழக்கமாப் போற அண்ணனோட ஜீப் அன்னிக்கு வொர்க்‌ஷாப்ல. கிளம்பின பையன் வத்தலக்குண்டுப் பக்கம், மலைக்குப் புதுசு. ஸ்டாண்டுல யாரோ போன்ல ஏத்திக் கொடுத்த மேப்பை நம்பி ஏறியிருக்கான். நான் வரைஞ்ச மேப்.

நேராப் போய் இல்லாத பாலத்துல நின்னான். அந்தப் பாதையில வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. ரிவர்ஸ்லயே இறங்கி, விசாரிச்சு, எஸ்டேட் வழியாச் சுத்தி ஊருக்குப் போனப்ப ஐம்பது நிமிஷம் போயிருச்சு. அந்தக் கடைசித் திருப்பத்துல மேப் "ஃபோர்டு"ன்னு காட்டியிருக்கும். அதைப் படிச்சு அவனுக்கு என்ன புரிஞ்சிருக்கப் போகுது.

எங்ககிட்ட வந்தப்ப பல்ஸ் 130, பிரஷர் 80. ரெண்டு கையிலயும் லைன் போட்டு, ரத்தக்கசிவை அடக்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டார். காலையும் காப்பாத்தியாச்சு. ஆனா நடக்கும்போது ஒரு இழுப்பு இருக்கு, இனி மிளகு பறிக்க மரம் ஏற முடியாது. அதுல அந்த ஐம்பது நிமிஷத்துக்கு எவ்வளவு பங்குன்னு எந்த ஸ்கேனும் சொல்லாது. நான் உடனே திருத்தியிருந்தாலும் அந்தப் பையன் போன்ல மேப் அப்டேட் ஆகியிருக்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. அந்த வாதத்தை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துட்டேன். எடுபடலை.

அன்னிக்கு ராத்திரிதான் குரூப்பை மேல தள்ளித் தள்ளி அந்த ரெண்டு வாய்ஸ் நோட்டையும் கேட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டுக்குப் போனேன். டீ சொன்னார். "ஏண்ணே, மூணாவது தடவை ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன். கேட்டதும்தான் அது எவ்வளவு கேவலமான கேள்வின்னு உறைச்சுது.

"ரெண்டு தடவை சொன்னேன் சார். நீங்க பாத்தீங்களா இல்லையான்னே தெரியலை. டாக்டருக்கு ஆயிரம் ஜோலி, நம்ம சொல்றது ஒரு பெருசான்னு விட்டுட்டேன்."

கோவம் இல்லை அவர்கிட்ட. அதுதான் தாங்க முடியலை. ஏழு மாசம் கழிச்சு எனக்கு மெயில் அனுப்பின பாட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பாட்டாவது நன்றி சொல்லுச்சு.

கவனிச்சீங்கன்னா, அவர் தன் திருத்தம் ஏத்துக்கப்படலைன்னு போகலை. கேட்டதா இல்லையான்னு தெரியாமப் போனார். நானும் ஃபோர்டு செயலியை விட்டுப் போனது அதுக்குத்தான். "உன் தமிழ் சரியில்லை"ன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், போயிருக்க மாட்டேன்.

கோடு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2025 ஏப்ரல்ல ஆர்கானிக் மேப்ஸ்ல உழைச்ச தன்னார்வலர்கள் பல பேர் அதை நடத்துற பங்குதாரர்களுக்குத் திறந்த மடல் எழுதினாங்க. பணம் எப்படிச் செலவாகுது, முடிவுகளை யார் எடுக்குறாங்கன்னு. பேச்சு ஒத்துவரலை. அதே கோடை எடுத்துக்கிட்டு கோமேப்ஸ்னு தனிக்குடித்தனம் போயிட்டாங்க. (என் ஃபோர்டு கதை நடந்தது இதுல இல்லை. இவங்கள்ல யார் பக்கம் நியாயம்னு சொல்ற அளவு எனக்கு விவரமும் இல்லை.) திறமூலத்துல இதுக்கு உரிமை உண்டு, ஃபோர்க்னு சொல்வாங்க. ஜீப் அண்ணன் எங்க ஃபோர்க் பண்ணுவார்? அவர் மாதிரி ஆளுங்க சத்தமே போடாம போனைப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிருவாங்க. போனதே நமக்குத் தெரியாது.

சரி, பதில் சொல்லாதவன் எல்லாம் கெட்டவனா? என்னையே எடுத்துக்கோங்க. அந்த ஐப்பசியில நான் சோம்பேறியா இல்லை, ஆள் பத்தலை.

எக்ஸ்-இசட்னு ஒரு சின்ன மென்பொருள். ஃபைல்களைச் சுருக்குறது, உலகம் முழுக்க லினக்ஸ் கம்ப்யூட்டர்கள்ல இருக்கு. பல வருஷமா அதைக் கவனிச்சுக்கிட்டது முக்கியமா ஒரே ஒருத்தர், லாசே காலின். சம்பளம் இல்லாம. 2022-ல சிலர் வந்து "ஏன் இவ்வளவு மெதுவா பதில் சொல்றீங்க? முடியலைன்னா வேற ஆள்கிட்ட கொடுங்க"ன்னு நச்சரிச்சாங்க. தனக்கு மனநலப் பிரச்சனை இருக்குன்னு அவரே பொதுவுல சொன்னார். அப்பவும் விடலை. அந்த நேரத்துல ஓடி ஓடி உதவின ஜியா டான்ங்கிற பேர்க்காரருக்குச் சாவியில பங்கு கொடுத்தார். அந்த ஜியா டான் கணக்குல இருந்துதான் பின்கதவு ஒண்ணு உள்ள போச்சு. நச்சரிச்ச கணக்குகளும் அதே கூட்டம்தான்னு பரவலா நம்பப்படுது. 2024 மார்ச்ல ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு இன்ஜினியர், லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகுதேன்னு சந்தேகப்பட்டுத் தோண்டினதாலதான் உலகம் தப்பிச்சுது.

நான் இதைப் படிச்சப்ப பின்கதவைப் பத்தி யோசிக்கலை. தனியா ஒரு டாக்டர் மட்டும் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம்தான் ஞாபகம் வந்துச்சு. "டாக்டர் ஏன் லேட்டு?"ன்னு சத்தம் போட்டா அவருக்கு நாலு கை முளைக்காது. ஒருநாள் மெடிக்கல் லீவ் போட்டுட்டுப் போயிருவார்.

அதனால எங்க குரூப்புல முதல்ல மாத்தினது என்னை. இப்ப மூணு பேர், வாரத்துக்கு ஒருத்தர் முறை: நான், ஒரு பார்மசிஸ்ட், அப்புறம் ஒரு காலேஜ் பொண்ணு. யார் முறையோ அவர் ரெண்டு நாளைக்குள்ள எல்லாத்துக்கும் ஏதாவது ஒரு பதில் போட்டே ஆகணும். திருத்தம் அப்புறம் வரலாம். "பார்த்துட்டேண்ணே, வியாழக்கிழமை பண்றேன்" போதும். "எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்" இன்னும் நல்லது. முறையில இருக்கிறவருக்கு முடியலைன்னா "இந்த வாரம் நான் இல்லை"ன்னு சொல்லணும். வெட்கப்பட வேண்டாம். குட் மார்னிங் ரோஜாப்பூவுக்குத் தனியா ஒரு குரூப் திறந்து கொடுத்தாச்சு, அது அமோகமா ஓடுது.

முடியாதுன்னும் சொல்றோம். ஒரு செவிலியர் அக்கா, ஹை ரிஸ்க் கர்ப்பிணிங்க வீட்டை எல்லாம் மேப்புல குறிச்சுட்டா ஆம்புலன்ஸுக்கு ஈஸியா இருக்கும்ல சார்னு கேட்டாங்க. நோக்கம் தங்கம். ஆனா அந்த மேப்பை உலகமே பார்க்கும், ஒரு பொண்ணோட உடம்பு சமாச்சாரம் அதுல வரக்கூடாது. அன்னிக்கே போன் பண்ணி ஏன் முடியாதுன்னு சொன்னேன். "அட ஆமால்ல"ன்னாங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொரு ஊர்லயும் வண்டி எது வரைக்கும் வரும், எங்க இருந்து டோலி கட்டித் தூக்கணும்னு குறிச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. எங்க மேப்புல இப்ப உருப்படியான விஷயமே அதுதான்.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு செயலி இருக்கு. நிக்கிற இடத்துல "இந்த ரோடு தார் ரோடா, மண் ரோடா?"ன்னு கேக்கும், தொட்டுப் பதில் சொன்னா நேரா மேப்புல ஏறிடும். நடுவுல என்னை மாதிரி எழுத்தர் தேவையில்லை. நாலஞ்சு டிரைவர்களுக்குப் போட்டுக் கொடுத்தோம். யாராவது தப்பாப் போட்டா? போடத்தான் செய்யறாங்க. யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு பதிவு இருக்கு, திருப்பிக்கலாம்.

முறை வெச்சுக்கிட்ட மூணு பேர்ல அந்தக் காலேஜ் பொண்ணு ஜீப் அண்ணனோட மக. அண்ணன் வாய்ஸ் நோட் அனுப்ப, அவ வீட்டுல உக்காந்து வரையறா. என்னைவிட வேகம். போன வாரம் நான் வரைஞ்ச ஒரு ஓடையை "சார், இது ஓடையே இல்ல, பழைய பைப் லைன்"னு அழிச்சுட்டா.

கேக்க மறந்துடுவீங்க, நானே சொல்லிடறேன். உடைஞ்ச தரைப்பாலத்தோட போட்டோவை வெச்சு, விஷயத்தை விளக்கி, அந்த ஒரு வரித் திருத்தத்தை மறுபடி அனுப்பினேன். இன்னியோட பத்தொன்பது நாள் ஆகுது. இது வரைக்கும் ஃபோர்டு ஃபோர்டாத்தான் இருக்கு.